சேற்றோரச் சாலை

காலை ஆறரைக்கு மாமா காடியைக் கிளப்பினார். போர்ட் கிள்ளானில் அப்போதும் விடியவில்லை. கிரேன்களின் உச்சியில் சிவப்பு விளக்குகள், கீழே கண்டெய்னர் லோரிகளின் வரிசை, அந்த வரிசைக்கு நடுவே நாங்கள். மாமா முப்பது வருஷம் இதே சாலையில் லோரி ஓட்டி ஓய்ந்தவர். இன்றைக்கும் முன்னால் போகும் லோரியின் டயரைப் பார்த்தே எத்தனை டன் ஏற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"எதுவரைக்கும் போறோம்?"

"மோரிப் வரைக்கும் மாமா."

"மோரிப்பா! அம்பது கிலோமீட்டர் சொச்சம். போயிட்டு வந்து பத்து மணிக்கு வீட்டுல கோப்பி குடிக்கலாமே."

"நாள் பூரா போவோம் மாமா. நின்னு நின்னு."

என்னை ஒரு பார்வை பார்த்தார். லோரிக்காரர் வழியில் நின்றால் ஒன்று பஞ்சர், இல்லையென்றால் போலீஸ்.

கிள்ளானுக்குத் தெற்கே கோல லங்காட் மாவட்டத்துக் கரையை யாரும் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அருவி கிடையாது, வெள்ளை மணல் கிடையாது. சேறு உண்டு. லங்காட் ஆறு கொண்டுவந்து கொட்டும் சேறு, அதில் கால் ஊன்றிய அலையாத்திக் காடு, அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. காடி எண்பதில் போனால் ஒரே பச்சைச் சுவர்தான். ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் இந்தச் சேற்றிலிருந்து எத்தனை நுட்பமான சங்கதிகள் முளைத்திருக்கின்றன! அவற்றைப் பார்க்கக் கை நீட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மாமாவை அங்கங்கே நிறுத்தச் சொன்னது அதற்காகத்தான்.

முதல் நிறுத்தம் சுந்தரராஜப் பெருமாள் கோயில். 1892-இல் எழுந்தது. தென்கிழக்காசியாவின் திருப்பதி என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெருமையில் கொஞ்சம் கூடுதல் இருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். காலைத் தீர்த்தத்தில் துளசியும் பச்சைக் கற்பூரமும். வாசலுக்கு வந்தால் சாலையின் டீசல் புகை. ஒரே மூச்சில் இரண்டும் ஏறும்போதுதான் எனக்கு ஊர் நினைவு முழுசாக வரும். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து இறங்கிய காலத்தில் டீசலுக்குப் பதில் நிலக்கரி மணந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் இறங்கியபோது எங்கள் துறைமுகத்தின் பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். 1901 செப்டம்பர் 15-இல் திறந்த துறைமுகம் இது, 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆயிற்று. திறந்த கையோடு மலேரியா வந்து ஊரையே படுக்கவைத்தது. சதுப்பை வெட்டித் துறைமுகம் கட்டினால் கொசு சும்மா இருக்குமா? கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவை ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். நாலே வருஷத்தில் அந்தக் கண்டுபிடிப்பு இந்தச் சேற்றுக்கு வந்துசேர்ந்தது. கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் மருந்துப் புட்டியோடு நிற்காமல் மண்வெட்டியைப் பிடிக்கச் சொன்னார். காட்டை அழித்து, கால்வாய் வெட்டி, தேங்கிய நீரைக் கடலுக்கு இறக்கினார்கள். காய்ச்சல் சரசரவென்று இறங்கிற்று. இன்று ஊரில் குப்பை அடைத்துக் கிடக்கும் கால்வாயைத் தாண்டும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும். ஒரு நகரத்தை உயிரோடு வைத்திருக்கும் சரிவு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே சரிந்திருக்கும்.

பண்டமாரானில் பசியாறினோம். ரொட்டி சானாயைப் பற்றி எழுதாத மலேசியத் தமிழன் இல்லை என்பதால் நான் எழுதப்போவதில்லை.

தெலோக் பங்ளிமா காராங்கில் வலப்பக்கம் திரும்பிப் பாலம் ஏறினால் கேரித் தீவு. இது தீவு என்று பாலத்தைத் தாண்டிய பிறகும் தோன்றாது. லங்காட் ஆறுதான் நிலத்திலிருந்து இதைப் பிரித்து வைத்திருக்கிறது. எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயரை இன்றும் சுமக்கிறது. கடல் உள்ளே வராமல் வரம்பு கட்டி, மதகு வைத்துக் காப்பாற்றிய மண். கடல் ஏறும்போது மதகை மூடு, இறங்கும்போது திற. தஞ்சாவூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாத வித்தை இது.

வரம்பின் மேல் நின்றால் இருபுறமும் செம்பனை. முதலில் வந்தது காப்பி, பிறகு கித்தா, அதற்குப் பிறகு செம்பனை என்பது இந்த வட்டாரத் தோட்டங்களின் வரிசை. மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனையை முதலில் நட்டது வடக்கே கோல சிலாங்கூரில், 1917-இல், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! நம் ஆள் யாரோ வாயில் வழங்கிய பெயர் துரையின் கணக்குப் புத்தகம் வரைக்கும் ஏறியிருக்கிறது. செம்பனை இந்த நாட்டில் தென்னையின் பெயரில்தான் குடியேறியது. அதே ஃபோகோனியே 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் வாங்கிவிட்டார். மரம் நட்டவருக்கு இலக்கியப் பரிசு கிடைத்த கதை வேறெங்கும் உண்டா தெரியாது.

மாமாவை ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். ஓலைக் கக்கத்தில் ஆண்பூ, சோம்பு வாசனையோடு. பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தால் பூ அசைகிறது. அசைவது பூ இல்லை, எள்ளளவுப் பழுப்பு வண்டுகள், நூற்றுக்கணக்கில். கேமரூனிலிருந்து 1981-இல் கொண்டுவந்து விட்டது இந்த வண்டு இனத்தை. அதற்கு முன்னால் இந்த மகரந்தம் சேர்க்கும் வேலையைச் செய்தது யார்? என் பெரியம்மா. பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பெண்கள் கையில் ரப்பர்ப் பந்து வைத்த ஊதுகுழலைக் கொடுத்துவிடுவார்கள். ஆண்பூவின் மகரந்தத்தைக் காயவைத்து டால்க் பவுடரோடு கலந்து அதில் அடைத்திருக்கும். மரம் மரமாகப் போய், மலர்ந்த பெண்பூவைத் தேடி, ஓலை முள்ளுக்கு நடுவே கையை விட்டு, 'புஸ்' என்று ஓர் ஊது. ஊதிய பூவுக்கு அடையாளம் வைத்துவிட்டு அடுத்த மரம். பெரியம்மா மாலையில் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். பவுடர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரே ஆள் நான்தான் என்று சிரிப்பார். பூ மலர்ந்த நாளைத் தவறவிட்டால் குலை இல்லை. ஆகையால் அவருக்கு ஒவ்வொரு மரத்தின் நாளும் தெரியும். வண்டு வந்ததும் அந்த அறிவு ஒரே வருஷத்தில் செல்லாக்காசாகிவிட்டது. வண்டின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போது மரியாதைக்காகவாவது பெரியம்மாவை நினைத்துக்கொள்வேன்.

"வண்டுக்கு சொக்சோ காப்புறுதி கட்ட வேண்டாம்ல" என்றார் மாமா. அவர் நியாயம் அவருக்கு.

தோட்டத்தைத் தாண்டினால் சுங்கை பும்பூன். மா மெரி மக்களின் கம்பம். இந்த மண்ணின் பூர்வக்குடிகள். தமிழரும் சீனரும் கப்பலேறி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த அலையாத்திக் காட்டை வீடாகக் கொண்டவர்கள். அவர்கள் வீட்டு மொழி மலாய் இல்லை. கெமர், மோன் மொழிகளின் சொந்தக்காரி அது. அந்தச் சொந்தம் இந்தியாவின் சந்தாலி, முண்டாரி வரைக்கும் நீள்கிறது. நாம் கடல் தாண்டி வந்து நாலு தலைமுறை ஆயிற்று என்று கதை சொல்கிறோம். இந்த மொழிக் குடும்பத்தின் கதைக்குக் கப்பல் சீட்டெல்லாம் கிடையாது.

சிற்பியின் பட்டறை என்பது ஒரு தகரக் கூரையும் நாலு கம்பமும்தான். தரையெல்லாம் சீவல். வெளிறிய சிவப்பு, உப்புக்கண்டத்தின் நிறம். ஞிரே பத்து என்ற மரம். சேற்றுக்காட்டில் வளர்வது, மெதுவாக, பிடிவாதமாக. 'பத்து' என்றால் மலாயில் கல். நம்மவர்கள் பத்துமலை என்றதும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள், அங்கேயும் அது கல்தான். கட்டையை என் கையில் தந்தார் சிற்பி. தூக்கிய மாத்திரத்தில் பெயர்க்காரணம் விளங்கிவிட்டது. இப்போது இந்த மரம் கிடைப்பது அரிது, முன்பு வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது, இப்போது படகில் வெகுதூரம் போக வேண்டும் என்றார்.

அவர் செதுக்கிக்கொண்டிருந்தது ஒரு முகமூடி. மோயாங், அதாவது மூதாதை ஆவி. ஒவ்வொரு மோயாங்குக்கும் ஒரு கதை, ஒவ்வொரு கதைக்கும் ஒரு முகம். நண்டுக்கு உண்டு, குரங்குக்கு உண்டு. அவர் கையில் இருந்ததன் மூக்கு ஒரு பக்கம் கோணி, வாய் எதிர்ப்பக்கம் இழுத்திருந்தது. கோணலைச் செதுக்குவது நேரைச் செதுக்குவதை விடக் கஷ்டம். நேருக்கு நடுக்கோடு துணை இருக்கிறது. கோணலுக்குச் சிற்பியின் கண் மட்டும்தான். உளியை அவர் தள்ளவில்லை. கட்டையைத் தொடைமேல் சாய்த்து, உளியின் பின்புறம் சுத்தியால் சின்னச் சின்னதாகத் தட்டினார். கன்னத்தின் மேட்டில் ரேகை வளைந்து ஓடுவதை ஒட்டியே உளியும் வளைந்தது. மரத்தின் ரேகை முகத்தின் சுருக்கமாக மாறுகிற அந்த இடத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக்கத்தை அவர் தனியாகச் செதுக்கவில்லை. மரத்தில் ஏற்கெனவே இருந்த சுருக்கத்துக்கு ஏற்ற முகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மாமாவின் கண் வேறு பக்கம். சுவரோரம் ஒரு சங்கிலிப் புலி நின்றது. ஹரிமாவ் பெரந்தாய். யுனெஸ்கோவின் கைவினை முத்திரையை இந்த மக்களுக்கு வாங்கித் தந்த உருவம். புலியின் உடலைச் சுற்றி மரச்சங்கிலி, கண்ணி கண்ணியாகத் தொங்குகிறது, தொட்டால் ஆடுகிறது. மாமா ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்தார்.

"சங்கிலின்னா எங்கயாவது ஒரு கண்ணியில வெல்டிங் இருக்கணும். இதுல காணோமே."

ஒரே கட்டை, வெட்டி ஒட்டினது இல்லை என்று சிற்பி மலாயில் சொன்னார். மாமா நம்பவில்லை. மறுபடி முதல் கண்ணியிலிருந்து தடவினார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்து மூலையில் கல்சங்கிலி தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கேயும் இப்படித்தான் ஒருவர் ஒவ்வொரு வளையமாகத் தடவிக்கொண்டிருந்தார். ஒட்டைத் தேடும் விரல் எல்லா ஊரிலும் ஒன்றுபோல நகரும்போல. கல்லில் பிழைத்தால் கல் உடையும். மரத்தில் பிழைத்தால் ரேகை பிளந்து பக்கத்துக் கண்ணியையும் இழுத்துக்கொண்டு போகும். எது கடினம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கேட்டால் மரத்துக்குத்தான் வாக்களிப்பேன்.

பக்கத்துத் திண்ணையில் ஒரு பாட்டி நீப்பா ஓலையை மடித்துக்கொண்டிருந்தார். நீப்பாவும் சேற்றில் வளரும் பனைதான். குருத்தை ஈர்க்கு நீக்கி, ஒரு மடிப்பு, ஒரு திருப்பு, நுனியை உள்ளே செருகல். பூ. இன்னொரு மடிப்பு, பறவை. முடிச்சே கிடையாது, செருகலின் இறுக்கத்தில்தான் எல்லாம் நிற்கிறது. நம் கல்யாண வீடுகளில் குருத்தோலைத் தோரணத்தில் கிளி தொங்குமே, அதே சங்கதி. நான் ஓர் ஓலை வாங்கி எங்கள் வீட்டுக் கிளியைச் செய்து காட்டினேன். வால் சரியாக வரவில்லை. பாட்டி அதை வாங்கி, பிரித்து, என் மடிப்பையே பின்பற்றிப் போய், கடைசிச் செருகலை மட்டும் மாற்றினார். வால் நிமிர்ந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட வேண்டியிருக்கவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை மூதாதையருக்கு விழா எடுக்கும்போது இந்த ஓலைப் பூக்கள் பெண்களின் தலையிலும் இடையிலும் ஏறும். ஆண்கள் முகமூடி அணிந்து ஆட, நடுவே மண்மேடு, சுற்றிப் பெண்கள். மூங்கில் குழாய்களைக் கட்டைமேல் குத்தி எழுப்பும் தாளம், கூடவே வயலின், கோங். முன்பொரு முறை அதைக் கேட்டிருக்கிறேன். நீளமும் குட்டையுமாக இரண்டு குழாய், இரண்டு சுருதி. 'தொம்' என்றதற்கும் 'திம்' என்றதற்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விடுவார்கள். ஆட்டம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

மாமா முகமூடியை வாங்கிவிட்டார். அந்தக் கோணல் மூக்கையே. விலை பேசவில்லை, அதுவே பெரிய அதிசயம். சிற்பி உப்புத்தாளால் கடைசியாக ஒரு தேய் தேய்த்து, பழைய நாளிதழில் சுற்றித் தந்தார்.

ஜென்ஜாரோமில் சீனப் புத்தாண்டுக்கு விளக்குகளால் ஜொலிக்கும் தொங் சென் புத்த ஆலயம் பகலில் அமைதியாகக் கிடந்தது. பந்திங்கில் நாசி லெமாக். இந்த ஊர்தான் சீடேக் சகோதரர்களை நாட்டுக்குக் கொடுத்தது. 1992 பார்சிலோனாவில் ரசீஃப்பும் ஜலானியும் பூப்பந்தில் வாங்கிய வெண்கலம் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். மாமா அன்றைக்கு லோரியை ஓரங்கட்டி ஒரு கோப்பிக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். ஆக, அவரும் வழியில் நின்றிருக்கிறார்!

ஜுக்ராவுக்கு வந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. தட்டையான கரையில் திடீரென்று ஒரே ஒரு குன்று. மலாக்கா நீரிணையில் பாய்மரம் விரித்தவர்களுக்கு இதுதான் அடையாளம். போர்த்துகீசியர் பார்செலார் என்று வரைபடத்தில் குறித்து வைத்தார்கள். சிலாங்கூரின் அரச ஊராக இது இருந்த காலம் உண்டு. கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்துக் கட்டடத்துக்குப் பெயராகி நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் இங்கே வாழ்ந்து, 1898-இல் மறைந்து, இந்தக் குன்றிலேயே அடங்கியிருக்கிறார். 1874-இல் அவருக்குப் பக்கத்தில் இருந்து ஆலோசனை சொல்லும்படி ஆங்கிலேயர் லங்காட்டுக்கு ஓர் இளைஞரை அனுப்பினார்கள். ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம். எங்கள் துறைமுகத்தின் பழைய பெயர்க்காரர். அவர் இந்தச் சேற்றில் கால் வைத்த இடத்துக்கு நாங்கள் அவர் பெயர் இருந்த ஊரிலிருந்து வந்திருக்கிறோம்.

அப்துல் சமாட்டின் பேரர் சுல்தான் சுலைமான் 1905-இல் கட்டிய இஸ்தானா பண்டார் அரண்மனையும், அதே காலத்து அலாவுதீன் பள்ளிவாசலும் சற்றே தள்ளித் தள்ளி நிற்கின்றன. அரண்மனை என்றதும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அதன் சுகம் அளவில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. மஞ்சள் மலாய் அரசர்களின் நிறம். நமக்கோ மஞ்சள் என்றால் மங்கலம், தாலிக்கயிறு, பத்திரிகையின் நாலு மூலை. பள்ளிவாசலின் மஞ்சளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாலை நாலு மணிக்கு ஒரு மாதிரி, மேகம் மூடியபோது ஒரு மாதிரி. வெயிலில் அரைத்த மஞ்சள், நிழலில் காய்ந்த மஞ்சள். வளைவுகளின் உட்புறத்தில் மட்டும் புறத்து மஞ்சள் பட்டுத் தெறித்து, வெள்ளைச் சுவரும் லேசாக இளமஞ்சள் பூசிக்கொள்கிறது. அந்த இடத்தில் எந்தச் சாயக்காரரும் கை வைக்கவில்லை, வெளிச்சமே பூசியது. அரச ஊர் என்ற பெயர் கிள்ளானுக்குப் போய், இங்கே மிஞ்சியது கோழி மேய்கிற முற்றமும் இந்த மஞ்சளும்தான். மிஞ்சியது குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

மோரிப்புக்கு ஆறரைக்கு வந்தோம். கடல் வெகுதூரம் வற்றியிருந்தது. சவுக்கு மரங்களின் அடியில் கடைகள், பட்டம் விடும் பிள்ளைகள், ஓரத்தில் ஒரு நினைவுக்கல். 1945 செப்டம்பர் 9-இல் நேச நாட்டுப் படை இங்கே கரையிறங்கியது. பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள், 25-ஆவது இந்தியப் படைப்பிரிவு. ஜப்பான் ஆகஸ்டு 15-இலேயே சரணடைந்துவிட்டபடியால் சுட ஆளில்லை. அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் மேலே மணல், அடியில் சேறு. கப்பலிலிருந்து இறக்கிய வண்டிகள் பல அச்சுவரை புதைந்து நின்றன. மேசையில் விரித்த வரைபடத்தில் மோரிப் கடற்கரை மணலாகத் தெரிந்திருக்கும். ஒருவர் இறங்கி நாலடி நடந்து பார்த்திருந்தால் போதும்.

நாங்கள் நடந்து பார்த்தோம். பத்தாவது அடியில் மாமாவின் செருப்பு உள்ளே போய்விட்டது. குனிந்து அதைத் தோண்டும்போதுதான் சேறு உயிரோடு இருப்பது தெரிந்தது. விரல்நகம் அளவு நண்டுகள் ஒரே கொடுக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தன. பெலாச்சாக் மீன்கள் நீரில்லாத இடத்தில் துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போயின. கண் இரண்டும் தலைக்கு மேல், தவளைக்கு அண்ணன் மாதிரி. அது தத்திய இடத்தில் சேற்றில் ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு புள்ளி, மறுபடி ஒரு கோடு. சுருக்கெழுத்துப்போல. தூரத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டன. மாமா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கப்பலைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தாகிவிட்டதே.

கடைக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு காடிக்கு வந்தோம். சாவியைப் போட்டவர், கிளப்பாமல் பின்சீட்டிலிருந்து நாளிதழ்ப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தார். உள்விளக்கைப் போட்டார். முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மோவாய்க்கு அடியில் கட்டை விரலை வைத்து நிறுத்தினார்.

"இங்க பாரு. எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கியிருக்காரு. இந்த இடத்துல மட்டும் உளி போன தடம் அப்படியே இருக்கு. மறந்துட்டாரா, வேணும்னே விட்டுட்டாரா?"

நானும் விரலை வைத்துப் பார்த்தேன். நாலு தட்டு. முதல் மூன்றும் ஒரே அளவு, நாலாவது கொஞ்சம் ஆழம்.

"வேணும்னேதான் மாமா."

"எனக்கென்னமோ மறந்துட்டாருன்னுதான் படுது" என்றார். மறுபடி விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.